குண்டு போன வழியைக் கண்டுபிடித்தவர்!

பிள்ளைகளே, பம்பரம் விட்டிருக்கிறீர்களா? சுற்றாத பம்பரத்தை ஆணி முனையில் நிறுத்திப் பாருங்கள். ஒரு நொடி கூட நிற்காது, சாய்ந்துவிடும். அதையே சாட்டை சுற்றி வீசினால், 'உர்'ரென்று சுழன்றபடி நிமிர்ந்து நிற்கிறது. வேகம் குறையக் குறையத் தலையை ஆட்டிக் கடைசியில் விழுகிறது.

துப்பாக்கிக் குண்டுக்கும் இதே கதைதான். சுழலாமல் போகும் நீளமான குண்டு, காற்றில் குட்டிக்கரணம் அடித்து எங்கோ போய் விழும். அதனால்தான் ரைபிள் குழலின் உட்புறத்தில் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டுகிறார்கள். குண்டு அதன் வழியே சுழன்றுகொண்டு வெளியே வரும். எவ்வளவு சுழல வேண்டும்? 170 ஆண்டுகளுக்கு முன்பு இதற்குச் சரியான விடை யாருக்கும் தெரியாது. துப்பாக்கி செய்பவர்கள் பழக்கத்தை வைத்தும், கை போன போக்கிலும்தான் செய்து வந்தார்கள். விடையைத் தேடித் தன் வீட்டுத் தோட்டத்திலேயே சோதனைக்கூடம் கட்டியவர்தான் ஜோசப் விட்வொர்த்.

1803 டிசம்பர் 21ம் தேதி, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்குப் பக்கத்திலுள்ள ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். ஜோசப்புக்கு பத்து வயதானபோது அம்மா இறந்துபோனார். அப்பா கிறிஸ்தவ ஊழியத்துக்குப் படிக்கப் போனதால், பிள்ளைகளை வேறு இடத்தில் வளரவிட்டார்கள். பதினான்கு வயதில் மாமாவின் பஞ்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான் சிறுவன். ஒருநாள் தானே ஆலை முதலாளி ஆகலாம் என்பது மாமாவின் கணக்கு. சிறுவனுக்கோ நூலின் மீது ஆசை இல்லை; நூல் நூற்கும் இயந்திரத்தின் மீதுதான் ஆசை. சில ஆண்டுகளில் அங்கிருந்து கிளம்பி, மான்செஸ்டரில் சாதாரண மெக்கானிக்காகச் சேர்ந்துவிட்டான்.

1825ல் திருமணம் செய்துகொண்டு, மனைவி ஃபேன்னியுடன் லண்டன் போனார். அங்கே ஹென்றி மாட்ஸ்லே என்பவரின் பட்டறை மிகப் புகழ்பெற்றது. அதில் வேலை கிடைத்தது. பகலில் பட்டறை வேலை. இரவில் வீட்டில் ஒரு ரகசிய வேலை!

அது என்ன தெரியுமா? இரும்புத் தகட்டை உண்மையிலேயே சமதளமாக ஆக்குவது. சமதளம் என்றால் என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று தேய்த்துச் சமமாக்குவார்கள். அதில் ஒரு கோளாறு உண்டு. ஒரு தகடு லேசாகக் குழிந்தும், மற்றது லேசாகப் புடைத்தும் இருந்தால், இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால், இரண்டுமே சமம் இல்லை! விட்வொர்த் மூன்று தகடுகளை எடுத்துக்கொண்டார். ஒன்றின் மேல் சாயம் பூசி இன்னொன்றை வைத்தால், மேடான இடத்தில் மட்டும் சாயம் ஒட்டும். அந்த மேட்டைச் சுரண்டி எடுப்பார். அடுத்து மூன்றாவது தகட்டோடு ஒப்பிடுவார். முதலாவது இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும், மூன்றாவது முதலாவதோடும் பொருந்தினால், மூன்றுமே சமமாக இருந்தே ஆக வேண்டும். இதை நீங்களே நிதானமாக யோசித்துப் பாருங்கள், விளங்கும். பட்டறையில் பக்கத்தில் நின்று வேலை செய்த தொழிலாளியிடம் அந்தத் தகட்டைக் காட்டியபோது, அவர் வியந்துபோனார்.

1833ல் மான்செஸ்டர் திரும்பி, சொந்தமாகக் கருவி செய்யும் பட்டறை திறந்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை போட்டது. ஒரு பட்டறையின் போல்ட், இன்னொரு பட்டறையின் நட்டில் ஏறாது. விட்வொர்த் பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளை வாங்கி, அளந்து, சராசரி எடுத்தார். மரையின் கோணம் 55 டிகிரி என்று 1841ல் ஒரே அளவை முன்மொழிந்தார். நாளடைவில் பிரிட்டன் முழுவதும் அதை ஏற்றுக்கொண்டது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரையைப் பாருங்கள். பிளம்பர் எந்தக் கடையில் குழாய் வாங்கி வந்தாலும் பொருந்துகிறதே! அந்தக் குழாய் மரைக்கும் அதே 55 டிகிரிதான்.

1851ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில், ஒரு அங்குலத்தைப் பத்து லட்சமாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு வித்தியாசத்தையும் காட்டும் அளவுக் கருவியை வைத்தார். இரும்புக் கட்டையை விரலால் தொட்டால், விரல் சூட்டில் அது நீள்வதைக் கூட அந்தக் கருவி காட்டிவிடும்.

இப்படிப்பட்டவரிடம்தான் 1854ல் பிரிட்டிஷ் அரசு வந்தது. அப்போது கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்தது. படைக்கு ஏராளமான ரைபிள்கள் வேண்டும். அவற்றைச் செய்யும் இயந்திரங்களைச் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். வேறு யாராக இருந்தாலும், கிடைத்த வரை லாபம் என்று உடனே ஒப்புக்கொண்டிருப்பார்கள். விட்வொர்த் மறுத்தார். எந்தக் குழல் சரியானது என்றே தெரியாமல், அதைச் செய்ய இயந்திரம் எதற்கு என்பது அவர் வாதம். முதலில் சோதித்துப் பார்க்கிறேன் என்றார். செலவை அரசு ஏற்றது.

மான்செஸ்டர் பக்கத்தில் ரஷோம் என்ற இடத்தில் இருந்த தன் வீட்டு வளாகத்தில், 500 கஜம் நீளத்துக்கு ஒரு கூடம் கட்டினார். கிட்டத்தட்ட அரை கிலோ மீட்டர்! காற்று வீசினால் குண்டு விலகும் அல்லவா? அதனால்தான் கூரையும் சுவரும். வேடிக்கை என்னவென்றால், கட்டி முடித்ததும் அடித்த புயலில் கூடமே இடிந்து விழுந்தது. மறுபடி கட்டினார். 1855ல் சோதனை தொடங்கியது.

கூடத்தில் வரிசையாக மெல்லிய காகிதத் திரைகளைத் தொங்கவிட்டார். சுட்டதும் குண்டு ஒவ்வொரு திரையையும் துளைத்துப் போகும். துளைகளைப் பார்த்தால், குண்டு எந்த உயரத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து போனது என்று தெரிந்துவிடும். துளை வட்டமாக இருந்தால் குண்டு நேராகப் போயிருக்கிறது. நீள்வட்டமாக இருந்தால் பக்கவாட்டில் புரண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குண்டின் பாதையைக் காகிதத்தில் படிக்கும் இந்த வித்தை, எனக்கு அவரது மற்ற எல்லாக் கருவிகளையும் விட மிகவும் பிடிக்கும்.

அப்போது படையில் இருந்தது 1853ம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைபிள். நம் வரலாற்றுப் பாடத்தில், 1857ல் சிப்பாய்கள் கொதித்தெழக் காரணமான கொழுப்புத் தடவிய தோட்டா வருகிறதே, அது இந்த ரைபிளின் தோட்டாதான். அதன் பள்ளம் ஒரு முழுச் சுற்று சுற்ற 78 அங்குலம் வேண்டும். குழலின் நீளமோ 39 அங்குலம். அதாவது, குண்டு அரைச் சுற்று சுற்றுவதற்குள் வெளியே வந்துவிடும். சாட்டையை ஒழுங்காகச் சுற்றாமல் விட்ட பம்பரம் போலத்தான்.

விட்வொர்த் பல விதமான சுருள்களை வெட்டிச் சோதித்தார். கடைசியில் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முடிவு செய்தார். குண்டையும் ஒல்லியாக, நீளமாக ஆக்கினார். எடையை மட்டும் மாற்றவில்லை. குழலின் உட்புறத்தை அறுகோணமாகச் செதுக்கினார். குண்டும் அதே அறுகோணம். ஆறு பக்கமும் பிடித்துக்கொள்வதால், வழுக்காமல் சுழலும்.

1857 ஏப்ரலில் ஹைத் என்ற ஊரில் போட்டிச் சோதனை நடந்தது. 500 கஜத்தில் என்ஃபீல்டு குண்டுகள் நடுப்புள்ளியிலிருந்து சராசரியாக 27 அங்குலம் விலகின. விட்வொர்த் குண்டுகள் நாலரை அங்குலம்தான்! 1860 ஜூலையில் லண்டனுக்கு அருகே விம்பிள்டனில் நடந்த துப்பாக்கிச் சுடும் போட்டியை விக்டோரியா மகாராணி தொடங்கி வைத்தார். தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளின் விசையில் கட்டியிருந்த பட்டுக் கயிற்றை இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பால் இருந்த இலக்கின் மையத்துக்கு ஒன்றேகால் அங்குலம் பக்கத்தில் குண்டு பாய்ந்தது.

ஆனாலும், பிரிட்டிஷ் ராணுவம் அதைப் பொது ஆயுதமாக ஏற்கவில்லை. விலை மிக அதிகம். சில தடவை சுட்டதும் வெடிமருந்துக் கரி குழலில் படிந்து, அடுத்த குண்டை உள்ளே தள்ளுவது கஷ்டமானது. இது நியாயமான குறைதான் என்று சொல்ல வேண்டும். குழல் ரொம்பவும் சின்னது என்றும் சொன்னார்கள். இந்தக் காரணம்தான் நிலைக்கவில்லை. 1871ல் அதே ராணுவம் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைபிளின் குழல், விட்வொர்த் சொன்ன அளவில்தான் இருந்தது!

ரைபிளை வேட்டைக்காரர்களும் வாங்கினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படையிடமும் சில போய்ச் சேர்ந்தன. நெடுந்தொலைவிலிருந்து தளபதிகளைக் குறிவைக்க அவற்றைப் பயன்படுத்தினார்கள். அளவு துல்லியமாக வேண்டும் என்று காகிதத் திரை கட்டிப் பார்த்த அதே கருவியால், மனித உயிர்கள் போயின. அதையும் சேர்த்துத்தான் அவர் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

சம்பாதித்த பணத்தை என்ன செய்தார்? பட்டறையில் வேலை செய்யும் ஏழை இளைஞர்கள் பொறியியல் படிக்க, 1868ல் ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் முப்பது உதவித்தொகைகளை ஏற்படுத்தினார். தேர்வில் ஏட்டுக் கணக்கு மட்டும் போதாது. அரம், உளி பிடித்து வேலை செய்தும் காட்ட வேண்டும். 1869ல் அரசு அவருக்கு 'சர்' பட்டம் கொடுத்தது.

1887 ஜனவரி 22ம் தேதி, குளிருக்காகப் போய்த் தங்கியிருந்த மான்டி கார்லோவில் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சொத்தில் பெரும் பகுதி மான்செஸ்டர் மக்களுக்கே போனது. அதில் உருவான பூங்காவும் ஓவியக் கூடமும் அவர் பெயரிலேயே அங்கே இருக்கின்றன. அவர் தொடங்கிய உதவித்தொகையை, இளம் பொறியாளர்கள் இப்போதும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.