அலன் புளூம்லைன்

அலன் டோவர் புளூம்லைன் (ஜூன் 29, 1903 - ஜூன் 7, 1942) ஓர் ஆங்கிலேய மின்னணுப் பொறியாளர் ஆவார். ஸ்டீரியோ எனப்படும் இருவழி ஒலிப்பதிவு முறையைக் கண்டறிந்தவர் என அறியப்படுகிறார். தொலைபேசி, தொலைக்காட்சி, ராடார் ஆகிய துறைகளிலும் பங்களித்துள்ளார். 38 ஆண்டுகளே வாழ்ந்த இவர் பெயரில் 128 காப்புரிமங்கள் உள்ளன. இன்று வீட்டில் ஸ்டீரியோ கருவியில் பாட்டுக் கேட்பவருள் பெரும்பாலோர் இவர் பெயரை அறியார். அதற்கு இவரது இறப்பு நிகழ்ந்த சூழலும் ஒரு காரணமாகும்.

பிறப்பும் கல்வியும்

புளூம்லைன் இலண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். தந்தை செம்மி புளூம்லைன் செருமனியில் பிறந்து பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். தாய் ஜெசி டோவர், தென்னாப்பிரிக்காவில் பணிபுரிந்த இசுக்கொட்லாந்து சமயப் பரப்புநர் ஒருவரின் மகள். ஏழு வயதில் வீட்டு அழைப்பு மணியைப் பழுதுபார்த்த அலன், தம்மை மின்பொறியாளர் எனக் குறிப்பிட்டுத் தந்தைக்கே கட்டணச் சீட்டு அனுப்பினார். ஆனால் பன்னிரண்டு வயது வரை இவரால் சரியாக வாசிக்க இயலவில்லை என்று குடும்பத்தார் கூறியுள்ளனர். ஹைகேட் பள்ளியிலும், பின்னர் சிட்டி அண்டு கில்ட்ஸ் கல்லூரியிலும் பயின்று 1923இல் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். 1924 முதல் இன்டர்நேசனல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றினார். நெடுந்தொலைவுத் தொலைபேசிக் கம்பிகளில் ஓர் உரையாடல் மற்றொன்றில் கலந்து கேட்பதைக் குறைக்கும் வழிகளை அங்கு ஆராய்ந்தார்.

இசைத்தட்டுத் துறை

1929இல் கொலம்பியா கிராஃபோபோன் நிறுவனத்தில் ஐசக் சோன்பெர்க் என்பவரின் கீழ்ப் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் மின்முறை ஒலிப்பதிவுக்கான முக்கியக் காப்புரிமங்கள் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்திடம் இருந்தன. அதனால் கொலம்பியா உரிமத்தொகை செலுத்த வேண்டியிருந்தது. இக்காப்புரிமங்களை மீறாத வேறொரு முறையை உருவாக்குவதே புளூம்லைனுக்கு இடப்பட்ட பணியாகும். எர்பர்ட் ஓல்மன் என்பவருடன் சேர்ந்து இயங்கு சுருள் வகையிலான வெட்டுமுனையையும், புதிய ஒலிவாங்கியையும் இவர் வடிவமைத்தார். 1931இல் கொலம்பியாவும் கிராமபோன் நிறுவனமும் இணைந்து இ.எம்.ஐ. உருவானது. கல்கத்தா அருகே டம்டமில் இயங்கிய ஆலையும் இக்குழுமத்தைச் சேர்ந்ததே. நம் பாட்டன்மார் கேட்ட ஹெச்.எம்.வி., கொலம்பியா தட்டுகளின் பின்னணியில் இவரது உழைப்பும் உண்டு எனலாம்.

இருவழி ஒலி

1931இல் புளூம்லைன் தம் வருங்கால மனைவி டோரீன் லேனுடன் திரைப்படம் ஒன்றைக் காணச் சென்றார். நடிகர் திரையின் ஒரு புறத்தில் இருக்க, அவர் குரல் ஒரே ஒலிபெருக்கியிலிருந்து வேறு திசையில் கேட்டது. இக்குறையை நீக்கி, குரலை நடிகரைப் பின்தொடரச் செய்யும் வழி தம்மிடம் உண்டு என அன்றே டோரீனிடம் தெரிவித்ததாகக் கூறப்படுகிறது. அவ்வாண்டு டிசம்பர் 14 அன்று 70 உரிமைக் கோரிக்கைகள் அடங்கிய காப்புரிம விண்ணப்பத்தை அளித்தார். அது 1933இல் 394325 என்ற எண்ணுடன் ஏற்கப்பட்டது.

ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் வைத்த இரு ஒலிவாங்கிகளால் ஒலியின் திசையைப் பதிவது இதன் ஒரு பகுதியாகும். இந்த அமைப்பு இன்றும் புளூம்லைன் இணை என வழங்குகிறது. இசைத்தட்டின் ஒரே வரிப்பள்ளத்தின் இரு சுவர்களையும் 45 பாகைச் சாய்வில் அமைத்து, ஒவ்வொரு சுவரிலும் ஒரு வழியின் ஒலியைப் பதிவது மற்றொரு பகுதியாகும். இதனால் ஒரே ஊசியால் இரண்டையும் படிக்க முடிகிறது. 1934 சனவரியில் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் தாமசு பீச்சம் நடத்திய மோட்சார்ட்டின் ஜூபிட்டர் சிம்பொனி இம்முறையில் பதிவு செய்யப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தாரும் ஏறத்தாழ இதே காலத்தில் இத்துறையில் தனியே ஆராய்ந்து வந்தனர்.

எனினும் இ.எம்.ஐ. இதனைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. பொருளாதார மந்தக் காலத்தில் இரட்டைக் கருவிகளை வாங்குவோர் இலர் என்பது ஒருபுறம். நிறுவனத்தின் கவனம் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பியது மறுபுறம். வணிக முறையில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958 அளவில் பரவலாக வந்தபோது புளூம்லைனின் காப்புரிமம் காலாவதியாகிவிட்டது. அவரும் உயிருடன் இல்லை.

தொலைக்காட்சியும் மிகைப்பிச் சுற்றுகளும்

நவம்பர் 2, 1936 அன்று பி.பி.சி. தொடங்கிய தொலைக்காட்சிச் சேவையில், மார்க்கோனி-இ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 வரி முறையும் பெயர்டின் 240 வரி முறையும் மாறிமாறிப் பயன்பட்டன. 1937இல் பெயர்டின் முறை கைவிடப்பட்டது. வென்ற முறையின் மின்சுற்றுகளில் புளூம்லைனின் பங்கு பெரிது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலப் படங்களைக் கம்பிவடம் வழியே அனுப்ப வேண்டியிருந்தது. இரு கம்பிகளிலும் ஒருசேரப் புகும் இரைச்சலை விலக்கி, அவற்றிடையேயுள்ள வேறுபாட்டை மட்டும் பெருக்கும் நீள்வால் இணை என்ற சுற்றை 1936இல் இவர் உருவாக்கினார். வெற்றிடக் குழல்களைக் கொண்டு அமைந்த இச்சுற்று பின்னர் திரிதடையத்திற்கு மாறி, இன்றைய செயல்பாட்டு மிகைப்பிகளின் நுழைவாயிலாக விளங்குகிறது.

இசைத்தட்டுக்கான முன்மிகைப்பியை (பிரீ-ஆம்ப்ளிஃபையர்) தேர்வு செய்வோர்க்கும் இவரது பணி தொடர்புடையது. இயங்கு காந்த வகை ஊசித்தலை சுமார் 5 மில்லிவோல்ட்டு மட்டுமே தருவதால் அதனை ஏறத்தாழ 100 மடங்கு (40 டெசிபல்) பெருக்க வேண்டும். இயங்கு சுருள் வகைக்கு 1000 மடங்கு வரை தேவைப்படலாம். ஆகவே கையிலுள்ள ஊசித்தலை எவ்வகை என அறியாமல் முன்மிகைப்பி வாங்குதல் வீண். அடுத்து, பதிவின்போது தாழ்சுரங்கள் குறைக்கப்பட்டு உச்சசுரங்கள் கூட்டப்படுகின்றன. முன்மிகைப்பி அதனைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். 1954 முதல் பரவிய ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு இதற்கான பொது வரையறை. ஆனால் இ.எம்.ஐ. குழுமத்தின் பழைய 78 சுழற்சித் தட்டுகளுக்குப் பொதுவாக 250 ஏர்ட்சில் திரும்பும், புளூம்லைன் பெயரால் வழங்கும் வளைகோடே பொருந்தும். வேலூர், ஆம்பூர் வட்டாரங்களில் மைக் செட்காரர்கள் திருமண வீடுகளில் சுழற்றிய பழைய தட்டுகள் இன்று ஒருவருக்குக் கிடைத்து, ஆர்.ஐ.ஏ.ஏ. மட்டுமே உள்ள கருவியில் அவற்றை இட்டால், உச்சசுரம் மங்கிக் குரல் மூடுண்டதுபோல் கேட்கும். குறை தட்டில் அன்று. வளைகோட்டை மாற்றும் வசதி கொண்ட முன்மிகைப்பியே இத்தகையோர்க்கு ஏற்றது. அத்தட்டுகள் ஒருவழி ஒலியே என்பதால் இரு வழிகளையும் இணைக்கும் 'மோனோ' விசையும் இருப்பது நன்று.

இறப்பு

இரண்டாம் உலகப்போரில் எச்2எஸ் என்னும் வானூர்தி ராடாரை உருவாக்கும் பணியில் இ.எம்.ஐ. ஈடுபட்டது. மேகமூட்டத்திலும் இருளிலும் கீழேயுள்ள நிலத்தின் தோற்றத்தைத் திரையில் காட்டுவது இதன் நோக்கம். ஜூன் 7, 1942 அன்று இதனைச் சோதிக்கப் பறந்த ஆலிபாக்சு வானூர்தி, எர்போர்டுசயரில் வெல்சு பிக்னர் அருகே தீப்பற்றி விழுந்தது. புளூம்லைனும், அவருடைய இ.எம்.ஐ. சகாக்களான செசில் பிரவுன், பிராங்கு பிளைதன் ஆகியோரும் உட்பட 11 பேரும் உயிரிழந்தனர். இயந்திரத்தின் வால்வுப் பகுதியில் ஒரு திருகு மரை சரியாக முறுக்கப்படாமையே தீக்குக் காரணம் என விசாரணையில் தெரியவந்தது. இவருக்கு மனைவியும் இரு ஆண் குழந்தைகளும் இருந்தனர்.

ராடார் பணி இராணுவ இரகசியம் ஆதலால் இவர் இறந்த செய்தி உடனே வெளியிடப்படவில்லை. போர் முடியும் தறுவாய் வரை மறைக்கப்பட்டது. எச்2எஸ் 1943 சனவரி இறுதியில் ஆம்பர்கு மீதான தாக்குதலில் முதன்முறை பயன்பட்டது.

நினைவு

இவரது முழுமையான வாழ்க்கை வரலாறு 1999 வரை நூலாக வெளிவரவில்லை. அவ்வாண்டு ராபர்ட் சார்லசு அலெக்சாண்டரும், 2000இல் ரசல் பர்ன்சும் எழுதிய நூல்கள் வெளிவந்தன. 1977இல் ஈலிங்கிலுள்ள இவரது இல்லத்தில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. 2015இல் அபே ரோடு கூடத்தில் ஐ.இ.இ.இ. அமைப்பின் மைல்கல் பலகை நிறுவப்பட்டது. இறந்து 75 ஆண்டுகள் கழித்து, 2017இல் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது வழங்கப்பட்டது.