அடக்க விலை கேட்ட அதிசய மனிதர்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் கொங்கு நாட்டில் காற்றுக்குப் பஞ்சம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டின் அருகே பிளந்து வழி விட்டு நிற்கிறது. அந்த வழியாகப் புகும் மேல்காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று காடு கழனி எல்லாம் வீசி அடிக்கும். தென்னை மரங்கள் தலைவிரித்து ஆடும்.

இவ்வளவு காற்றும் வீணாகப் போகிறதே, வீட்டு மாடியில் ஒரு காற்றாலை வைத்தால் கரண்டு பில் மிச்சமாகுமே என்று பலருக்கும் ஆசை பிறக்கும். ஆசை பிறந்த மறுநிமிடமே கேள்வியும் பிறக்கும். அதற்கு என்ன செலவாகும்?

ஓர் எந்திரத்துக்கு என்ன செலவாகும் என்ற இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்த ஒருவர் கோவையில் வாழ்ந்தார். கடைக்காரர் சொன்ன விலையை அவர் நம்பியதில்லை. எந்திரத்தைக் கழற்றுவார். இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கணக்குப் போடுவார். மற்றதெல்லாம் யாருக்குப் போகிறது என்று கேட்பார்.

அவர்தான் ஜி. டி. நாயுடு.

மண்ணை வீசிய மாணவன்

கோவைக்குக் கிழக்கே சூலூர்ப் பக்கம் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி பிறந்தார் துரைசாமி. சிறு வயதிலேயே தாயை இழந்தார்.

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை அள்ளி வீசிவிட்டு ஓடிவிடுவார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிற்காலத்தில் பொறியியல் கல்லூரிக்கே வித்திட்டவர் இந்தப் பிள்ளைதான் என்று அன்று யாரும் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். குதிரை இல்லை, மாடு இல்லை. வண்டி தானாக ஓடுகிறது! இளைஞர் துரைசாமி மெய்மறந்து நின்றார். அதை வாங்கியே தீருவது என்று அன்றே முடிவு செய்தார்.

கோவைக்கு வந்தார். ஓட்டல் ஒன்றில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இலை போட்டு, பரிமாறி, காசு சேர்த்தார். சில நூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியை ஓட்டி மகிழ்ந்ததோடு அவர் நிற்கவில்லை. அதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டார். பிறகு மறுபடியும் பூட்டினார். அதுதான் அவர் படித்த பள்ளிக்கூடம். அதுதான் அவர் வாங்கிய பட்டம்.

ஒற்றை பஸ் முதலாளி

கொஞ்ச காலம் திருப்பூரில் பஞ்சு வியாபாரம் செய்தார். பணம் குவிந்தது. அந்தப் பணத்துடன் பம்பாய் சென்று பஞ்சு மார்க்கெட்டில் இறங்கினார். குவிந்தது எல்லாம் கரைந்தது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

கோவையில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரை அவருக்குக் கை கொடுத்தார். கடனாக ஒரு பஸ் கிடைத்தது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே!

அந்த ஒற்றை பஸ், யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. நேரம் தவறாமல் பஸ் வரும் என்பது அந்நாளில் புதுமை. அந்தப் புதுமையைக் கொங்கு நாட்டு மக்களுக்குப் பழக்கமாக்கியவர் நாயுடு.

கவலைக்கு விடுதலை

அந்தக் காலத்தில் கொங்கு விவசாயியின் பெரிய செலவு, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் செலவுதான். இங்கே கிணறுகள் ஆழமானவை. பாறையைக் குடைந்து வெட்டியவை. விடியுமுன் எழுந்து இரண்டு மாடுகளைப் பூட்டிக் கவலை ஓட்ட வேண்டும். மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். பின்வாங்கினால் சால் கீழே போகும். நாள் முழுவதும் இறைத்தாலும் நனைவது சிறிதளவு நிலம்தான்.

1932-ல் நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மலையிலிருந்து இறங்கிக் கோவைக்கு வந்தது. மின்சாரம் வந்துவிட்டது; மோட்டாருக்கு எங்கே போவது? அது கப்பலில் அல்லவா வந்துகொண்டிருந்தது! கப்பல் கூலி, சுங்க வரி, ஏஜெண்டு கமிஷன் எல்லாம் ஏறி, விவசாயி கைக்கு வரும்போது விலை எட்டாத உயரத்தில் நின்றது.

1937-ல் நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவை பீளமேட்டில் மின்சார மோட்டாரை உள்ளூரிலேயே செய்து காட்டினார்கள். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் அது என்று கோவை இன்றும் பெருமை பேசுகிறது. அதன் பின் பட்டறைகள் பெருகின. கோவை மோட்டாரும் பம்பும் நாடெங்கும் போயின. கவலை மாடுகளுக்கு விடுதலை கிடைத்தது.

இதில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் அது சுழலும். அதே மோட்டாரை வெளியிலிருந்து இன்னும் வேகமாகச் சுழற்றினால், உரிய இணைப்பு இருக்குமானால், அது மின்சாரத்தைத் திருப்பித் தரும். பிற்காலத்தில் எழுந்த பெரிய காற்றாலைகள் பலவற்றில், கிணற்று மோட்டாரின் அதே இனத்தைச் சேர்ந்த எந்திரம்தான் தலைப்பகுதியில் உட்கார்ந்திருந்தது.

வெளிநாடுகளில் வீட்டுக் காற்றாலை அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1887-ல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர், துணிப் பாய் கட்டிய காற்றாலையால் தம் விடுமுறை வீட்டுக்கு விளக்கேற்றினார். மிஞ்சிய மின்சாரத்தை ஊராருக்குத் தர முன்வந்தார். அது பேயின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்கள்!

அமெரிக்காவில் 1920-களிலும் 1930-களிலும் கம்பி எட்டாத பண்ணை வீடுகளில் சிறு காற்றாலைகள் சுழன்றன. 1936-ல் கிராம மின்வசதிச் சட்டம் வந்தது. மின்கம்பி வந்த வீடுகளில் காற்றாலை ஓய்வு பெற்றது. கொங்கு நாட்டுக்குக் கம்பி முந்திக்கொண்டது. கூடவே கோவை மோட்டாரும் வந்தது.

எழுபது ரூபாய் ரேடியோ

மோட்டாரோடு நாயுடு நிற்கவில்லை. வீட்டுக்கு வேண்டிய பொருள் ஒவ்வொன்றின் மீதும் அவர் கண் விழுந்தது. டார்ச் லைட் பாட்டரியால் ஓடும் சவரக் கருவியைச் செய்தார். ஜெர்மனியில் அது உற்பத்தியாயிற்று. பழம் பிழியும் கருவி செய்தார். மின்சாரம் இல்லாத வீட்டுக்காக மண்ணெண்ணெயில் ஓடும் விசிறியும் செய்தார்.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். ரேடியோ என்றால் பணக்காரர் வீட்டு அலங்காரப் பொருள் என்றிருந்த காலம் அது. கேட்டவர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள்.

1952-ல் இருவர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்! அந்தக் கார் சாலைகளை நிறைத்திருக்க வேண்டும். ஆனால் சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை. உற்பத்தி நின்றது.

நாயுடு கற்ற பெரிய பாடம் இதுதான். ஒரு பொருளின் விலையில் இரும்பும் கூலியும் ஒரு பகுதி மட்டுமே. வரி, லைசென்ஸ், இறக்குமதிக் கட்டுப்பாடு ஆகியவை மற்றொரு பகுதி. முதல் பகுதியைப் பட்டறையில் குறைத்துவிடலாம். இரண்டாவது பகுதியைக் குறைக்கும் உளி எந்தப் பட்டறையிலும் இல்லை.

உடைத்தார்!

வரிச்சுமை மீது அவருக்கு இருந்த கோபம் ஊரறிந்தது. 1950-களில் ஒரு நாள் அந்தக் கோபம் எல்லை மீறியது. தாம் பாடுபட்டு உருவாக்கிய பொருள்களையே மக்கள் முன்னிலையில் உடைத்து எதிர்ப்புக் காட்டினார்.

பெற்ற பிள்ளையை அடித்துவிட்டு அழும் தகப்பனைப் போன்ற செயல் அது. சரியா, தவறா என்று பேச்சு எழுந்தது. வரி இல்லாமல் சர்க்கார் நடக்காது. சாலையும் பள்ளியும் வராது. பைக்காரா மின்சாரமும் சர்க்கார் போட்ட முதலில் வந்ததுதான். இது ஒரு பக்க நியாயம். ஏழை வீட்டுக்குப் போகவேண்டிய பொருள் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டது. அது மறுபக்க நியாயம்.

படிப்புக்கும் கணக்கு

படிப்பின் அடக்க விலையையும் அவர் கேட்டார். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பப் பள்ளியும் பொறியியல் கல்லூரியும் தோன்ற வழி செய்தவர் அவர். ஆர்தர் ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அவினாசி சாலையில் ஹோப் காலேஜ் என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது.

நான்கு ஆண்டுப் படிப்பு வீண் செலவு, இரண்டு ஆண்டே போதும் என்பது நாயுடுவின் கட்சி. அதிகாரிகள் ஏற்கவில்லை. தாம் தொடங்கிய இடத்தைவிட்டே அவர் விலகினார். கொள்கையில் பிடிவாதம், அதற்கான விலையையும் அவரே கொடுத்தார்.

வயது எழுபதைத் தாண்டியும் ஆர்வம் குன்றவில்லை. 1967-ல் ஒரே நாளில் அஸ்திவாரம் தோண்டி, சுவர் எழுப்பி, கூரை போட்டு ஒரு வீட்டையே கட்டி முடித்துக் காட்டினார்.

மாடிக் காற்றாலையின் கணக்கு

நாயுடுவின் வழியில் இன்று மாடிக் காற்றாலையைக் கழற்றிப் பார்த்தால் என்ன தெரியும்? இறக்கை ஒன்று, மின்சாரம் தரும் எந்திரம் ஒன்று. இவை இரண்டும் கோவைப் பட்டறைக்குப் புதியவை அல்ல. செலவை ஏற்றுபவை மற்றவை.

முதலாவது கம்பம். வீடுகளும் மரங்களும் காற்றை உடைத்துவிடும். அவற்றுக்கு மேலே தூக்கி நிறுத்தினால்தான் காற்றாலை ஒழுங்காகச் சுழலும். இரண்டாவது பாட்டரி. ஆடியில் அடிக்கும் காற்று தையில் அடிக்காது. சேமித்து வைக்கப் பாட்டரி வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றவும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் காற்றின் வேகம். வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிவிடும்! ஆகவே காற்று இல்லாத சந்தில் மலிவு எந்திரம் வைப்பவர், கடைசியில் அதிக விலை கொடுத்தவர் ஆவார். வாங்குமுன் ஓர் ஆண்டு காற்றை அளந்து பார்ப்பதே முதல் சிக்கனம்.

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் எழுந்தது. பின்னர் பாலக்காட்டுக் காற்று வீசும் உடுமலை, பல்லடம் காடுகளிலும் காற்றாலைகள் வரிசை வரிசையாக எழுந்தன. கோவை மில் முதலாளிகள் பலர் அவற்றில் பணம் போட்டார்கள். 1990-களில் அவர்களை இழுத்தது காற்று மட்டுமல்ல. போட்ட முதல் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டலாம் என்ற வருமான வரிச் சலுகையும்தான். வரி ஏறினால் எந்திரம் நிற்கும், வரி இறங்கினால் எந்திரம் சுழலும் என்ற நாயுடுவின் வாதம், அவர் மறைந்த பின் காற்றிலேயே நிரூபணமாயிற்று.

அதைக் காண அவர் இல்லை. 1973 டிசம்பர் 24-ந் தேதி அவருடைய நண்பர் பெரியார் மறைந்தார். பதினோரு நாள் கழித்து, 1974 ஜனவரி 4-ந் தேதி, எண்பதாவது வயதில் நாயுடுவும் கண் மூடினார்.

கோவை அவினாசி சாலையில் அவர் பெயரால் உள்ள காட்சிக்கூடத்தைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். எந்திரங்களின் முன்னே நின்று வியக்கிறார்கள். அவர்களில் ஒரு பிள்ளை, இதன் உள்ளே என்ன இருக்கிறது, இதற்கு என்ன அடக்கம் என்று கேட்டுவிட்டால் போதும். கலங்கல் கிராமத்துத் துரைசாமி மறுபடியும் பிறந்துவிட்டார் என்று பொருள்.