பழனி சுப்பிரமணிய பிள்ளை

பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908 – 1962) கருநாடக இசையுலகின் தலைசிறந்த மிருதங்கக் கலைஞர்களுள் ஒருவர். கஞ்சிரா வாசிப்பிலும் வல்லவர். பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதி ஆகியோருடன் சேர்த்து இவரை 20 ஆம் நூற்றாண்டின் மிருதங்க மும்மூர்த்திகள் என அழைப்பது வழக்கம். இடக்கைப் பழக்கம் உடையவராதலால் தொடக்கத்தில் மேடை வாய்ப்புகள் மறுக்கப்பட்டு, பின்னர் புதுக்கோட்டை மரபின் முதன்மையான கலைஞராக உயர்ந்தவர். இவருடைய வாசிப்பு முறை திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்த மாணவர் ஒருவர் வழியாகவும், சென்னையைச் சேர்ந்த மாணவர் ஒருவர் வழியாகவும் வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன இசையியல் துறைகளைச் சென்றடைந்தது.

இளமையும் மரபும்

சுப்பிரமணிய பிள்ளை 1908 ஆம் ஆண்டு பழனியில் பிறந்தார். தந்தையார் பழனி முத்தையா பிள்ளையும் தாள வாத்தியக் கலைஞர். புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளையின் மாணவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் என்றும், சிக்கலான தாளக் கணக்குகளை வகுத்தவர் என்றும் அறியப்படுபவர் மாமுண்டியா பிள்ளை. இவருடைய மாணவர் வரிசை புதுக்கோட்டை மரபு எனப்படுகிறது. மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் புகழ்பெற்ற புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளையும் (1875 – 1936) இம்மரபைச் சேர்ந்தவரே.

இம்மரபின் கணக்குமுறையை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைகளை நான்கு நான்காகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனத்தில் 32 மாத்திரைகள் கிடைக்கும். ததிங்கிணதொம் என்ற ஐந்து மாத்திரைச் சொற்கட்டை, இடையே ஒவ்வொரு மாத்திரை விட்டு மும்முறை வாசித்தால் 15 + 2 = 17 மாத்திரைகள் ஆகும். எனவே ஆவர்த்தனத்தின் முதல் 15 மாத்திரைகள் கடந்தபின் தொடங்கினால், அடுத்த சமத்திற்குச் சரியாக வந்து முடியும். இதைப் போன்ற கணக்குகளைப் பல மடங்கு விரித்து, பாடுபவருக்கு இடையூறின்றி வாசிப்பதே கலைஞரின் திறமை.

இடக்கை வாசிப்பு

மிருதங்கத்தின் இரு முகங்களும் ஒரே தன்மையன அல்ல. கரணை பூசப்பட்ட வலந்தலை சுருதியோடு ஒத்து ஒலிப்பது, வலக்கையால் வாசிக்கப்படுவது. ரவை அப்பிய இடந்தலை (தொப்பி) கீழ்த்தாய ஒலியைத் தருவது, இடக்கையால் வாசிக்கப்படுவது. சுப்பிரமணிய பிள்ளை இதை மாற்றி, வலந்தலையை இடக்கையால் வாசித்தார்.

இது மேடை அமைப்பையே மாற்றும் செயலாகும். கச்சேரியில் மிருதங்கக் கலைஞர் பாடகரின் வலப்பக்கத்திலும், வயலின் கலைஞர் இடப்பக்கத்திலும் அமர்வது மரபு. அப்போதுதான் வலந்தலை அவையோரை நோக்கி அமையும். இடக்கைக் கலைஞர் வாசிக்கும்போது வலந்தலை அவையை நோக்க வேண்டுமானால், அவர் பாடகரின் இடப்பக்கத்திலும் வயலின் கலைஞர் மறுபக்கத்திலும் அமர வேண்டியிருக்கும். இதற்கு இணங்காத பக்கவாத்தியக்காரர்களும் பாடகர்களும் பலர் இருந்தனர். இதனால் திறமை இருந்தும் சுப்பிரமணிய பிள்ளைக்குக் கச்சேரிகள் கிடைப்பது அரிதாயிற்று. அவர் கஞ்சிரா வாசித்த மேடைகளில் இத்தடை எழவில்லை.

இந்நிலையில் அவருக்குத் துணை நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். தம்முடைய கச்சேரிகளில் சுப்பிரமணிய பிள்ளையை மிருதங்கம் வாசிக்கச் செய்து, இருக்கை மாற்றத்தைப் பிறரும் ஏற்கும்படி செய்தார். அதன்பின் முன்னணிப் பாடகர்கள் பலருக்கும் சுப்பிரமணிய பிள்ளை பக்கவாத்தியம் வாசித்தார்.

வாசிப்பு முறை

புதுக்கோட்டை மரபின் கணக்கும், நாத இனிமையும் ஒருசேர அமைந்தது இவரது வாசிப்பின் சிறப்பு எனலாம். வலந்தலையின் சாப்புச் சொல்லும், தொப்பியில் எழும் கும்கியும் பாடகரின் குரலோடு இழையுமாறு வாசித்தார். பாடலின் போக்கறிந்து, நீண்ட நேரம் சர்வலகுவாகவே வாசித்துவிட்டுத் தனி ஆவர்த்தனத்தில் கணக்குகளை வெளிப்படுத்துவது இவருடைய வழக்கம்.

ஜி. என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் ஆகியோரின் கச்சேரிகளில் இவர் வாசித்தது குறிப்பிடத்தக்கது. ஆலத்தூர் சகோதரர்களான சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர்கள் அல்லர். திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சேர்ந்த ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் ஒன்றாகப் பயின்றவர்கள். பல்லவி பாடுவதில் பெயர்பெற்ற இவர்களுக்குக் கணக்கில் தேர்ந்த மிருதங்கம் பொருத்தமாக அமைந்தது. பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசித்த கச்சேரிகளில் சுப்பிரமணிய பிள்ளை கஞ்சிரா வாசித்ததும் உண்டு.

வானொலி

அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஆம் ஆண்டிலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பட்டன. கச்சேரி இசை சபாக்களையும் கோயில் விழாக்களையும் தாண்டி இல்லங்களுக்குச் சென்ற காலம் அது. வானொலியில் கேட்பவர்க்கு எந்தக் கை எந்த முகத்தில் படுகிறது என்பது தெரிவதில்லை. நாதம் மட்டுமே அளவுகோல். இவரது வாசிப்பில் இன்று கிடைக்கும் ஒலிப்பதிவுகளுள் வானொலிக் கச்சேரிகளும் உள்ளன. பிற்காலத்து மாணவர்களுக்கு அவை பாடநூல்களாயின.

மாணவர்களும் இன இசையியலும்

சென்னையைச் சேர்ந்த தஞ்சாவூர் ரங்கநாதன் (1925 – 1987) இவரிடம் பயின்றவர்; வீணை தனம்மாளின் பேரன், நடனக் கலைஞர் பாலசரசுவதியின் தம்பி. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் பிரவுன் ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்று, அதையே பொருளாகக் கொண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் (லாஸ் ஏஞ்சலஸ்) 1965 ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். ஒரு பண்பாட்டின் இசையை நூல்களால் மட்டுமன்றி வாசித்துப் பழகியும் அறிய வேண்டும் என்ற இன இசையியல் அணுகுமுறையின் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று. ரங்கநாதன் 1963 முதல் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார்.

இலால்குடிக்கு அருகிலுள்ள பூவாளூரில் 1942 ஆம் ஆண்டு பிறந்த திருச்சி சங்கரன் மற்றொரு மாணவர். 13 ஆம் வயதில், ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில் குருவுடன் சேர்ந்து வாசித்து அரங்கேறினார். 1971 ஆம் ஆண்டு கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பாடகர் ஜான் ஹிக்கின்சுடன் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். தென்னிந்தியத் தாளமுறை பற்றியும் கொன்னக்கோல் பற்றியும் நூல்கள் எழுதினார். சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதை 2011 ஆம் ஆண்டு பெற்றார்.

மறைவு

சுப்பிரமணிய பிள்ளை 1962 ஆம் ஆண்டு மே மாதம், தம் 54 ஆம் வயதில் காலமானார். ரங்கநாதன் அமெரிக்காவில் கற்பிக்கத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டில்தான். தம் வாசிப்பு முறை பல்கலைக்கழகப் பாடமானதை அவர் காணவில்லை. எனினும் இடக்கைக்கு இடமில்லை என்று கருதிய மேடையில் அவர் பெற்ற இடம், பின்வந்த இடக்கைக் கலைஞர்களுக்கு முன்னுதாரணமாக அமைந்தது.