கங்கைக்கரையில் உயர்ந்த விரல்

மரணத்திற்குப் பின் உயிர் என்ன ஆகிறது? கட உபநிடதத்தில் நசிகேதன் யமதர்மனிடம் கேட்ட கேள்வி இது. நூல்களில் படிக்கும்போது இக்கேள்வி நம்மை அவ்வளவாகத் தீண்டுவதில்லை. நம்மை மடியில் வைத்து வளர்த்த ஒருவர் நம் கண்ணெதிரில் கண்மூடும்போதுதான் அது நெஞ்சைத் துளைக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் பெருஞ்செல்வர் வீட்டு மகன் ஒருவருக்கு அவ்வாறே நேர்ந்தது. அவரே பின்னாளில் மகரிஷி என்று போற்றப்பட்ட தேவேந்திரநாத தாகூர். கவிஞர் ரவீந்திரநாதரின் தந்தை.

பாட்டியின் அரவணைப்பில்

1817 மே 15 அன்று கல்கத்தாவில், ஜோராசாங்கோ மாளிகையில் தேவேந்திரநாதர் பிறந்தார். தந்தை துவாரகாநாதர் வணிகத்தாலும் நிலவுடைமையாலும் பெரும்பொருள் ஈட்டியவர். அவரை இளவரசர் என்றே மக்கள் அழைத்தனர். ஆனால் சிறுவனின் உலகம் பாட்டி அலகாசுந்தரியே. உண்பதும் உறங்குவதும் அவர் அருகில்தான். நாள்தோறும் கங்கையில் நீராடி, சாளக்கிராமத்திற்குத் தம் கையால் மாலை தொடுத்துச் சாத்தும் பக்தை அவர்.

தேவேந்திரருக்கு 18 வயதானபோது பாட்டி நோயுற்றார். துவாரகாநாதர் அப்போது அலகாபாத்தில் இருந்தார். இனி நோயாளியை வீட்டில் வைத்திருப்பது தகாது என்றார் வைத்தியர். கங்கைக்கரையில் உயிர் நீங்குவதே நற்கதி என்பது அக்கால வழக்கம். பாட்டிக்கோ வீட்டை விட்டுச் செல்ல மனமில்லை. மகன் அருகில் இருந்திருந்தால் தம்மை இவ்வாறு கொண்டுசெல்ல விடமாட்டான் என்று வருந்தினார். தம் சொல்லைக் கேளாதவர்களைத் தாமும் எளிதில் விடப்போவதில்லை, விரைவில் இறக்க மாட்டேன் என்றும் கூறினார். சொன்னபடியே கரையோரத்து ஓட்டுக் கொட்டகையில் மூன்று இரவுகள் உயிர்தாங்கி இருந்தார்.

அவர் மறைவதற்கு முந்தைய இரவு. நிமதலாக் கட்டத்தில், கொட்டகைக்கு அருகே ஒரு முரட்டுப் பாயில் தேவேந்திரர் அமர்ந்திருந்தார். வானில் முழுநிலவு, பக்கத்தில் சுடுகாடு. பாட்டியின் செவியில் விழும்படி பாடப்பட்ட நாமசங்கீர்த்தனம் காற்றில் மெல்ல மிதந்து வந்தது. அக்கணத்தில் செல்வமும் சுகமும் பொய் என்னும் உணர்வு அவ்விளைஞரின் உள்ளத்தை நிறைத்தது. தாம் அமர்ந்திருந்த பாயே தமக்குத் தகுந்த இருக்கை என்று தோன்றியது. வீட்டுக் கம்பளங்கள் வெறுப்பூட்டின. துயரம் சூழவேண்டிய இடத்தில் சொல்லுக்கடங்காத ஆனந்தம் பெருகியது. அன்றிரவு வீடு திரும்பியும் அவரால் உறங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அவர் கரைக்குச் சென்றபோது பாட்டியைக் கங்கை நீரில் இறக்கியிருந்தனர். சுற்றிலும் இறைநாமம் முழங்கியது. பாட்டியின் கை மார்பின்மீது இருந்தது. ஒரு விரல் மட்டும் மேல்நோக்கி உயர்ந்திருந்தது. ஹரிநாமத்தைச் சொல்லியவாறே அவ்விரலைச் சுழற்றி அவர் உயிர்நீத்தார். இறைவனையும் மறுமையையும் தமக்குச் சுட்டிக்காட்டிவிட்டே பாட்டி சென்றார் என்று தேவேந்திரர் உணர்ந்தார்.

காற்றில் வந்த ஏடு

அந்த ஆனந்தம் நிலைக்கவில்லை. அதை மீண்டும் பெற அவர் ஏங்கினார். ஒருநாள் தாம் கற்பக மரமாவதாகக் கூறி, கேட்டவர்களுக்குத் தம் பொருள்களை வாரி வழங்கினார். உறவினர் ஒருவர் பெரிய நிலைக்கண்ணாடிகளையும் ஓவியங்களையும் சரிகை உடைகளையும் கேட்டுப் பெற்றுச் சென்றார். ஆயினும் மனத்தின் இருள் அகலவில்லை. நண்பகல் வெயிலும் கறுத்துத் தோன்றிய நாட்கள் அவை.

அத்தகைய ஒரு நாளில் ஒரு வடமொழி நூலிலிருந்து கிழிந்த ஏடு அவர்முன் பறந்து வந்தது. அதன் பொருள் அவருக்கு விளங்கவில்லை. பண்டிதர் ராமசந்திர வித்யாவாகீசர் வந்து விளக்கினார். அது ஈசாவாஸ்ய உபநிடதத்தின் முதல் மந்திரம். அனைத்திலும் இறைவன் நிறைந்திருக்கிறான். அவன் அளித்ததைத் துய்த்துப் பிறர் பொருளை விரும்பாதிரு என்பது அதன் கருத்து. தாகத்தால் வாடியவருக்கு அது வானமுதமாயிற்று. 1839-இல் அவர் தத்துவபோதினி சபையை நிறுவினார். 1843 டிசம்பர் 21 அன்று நண்பர் இருபதின்மருடன் பிரம்ம சமாஜத்தில் தீட்சை பெற்றார். உருவ வழிபாடு செய்வதில்லை என்பது அவர் ஏற்ற விரதம்.

தந்தைக்குச் செய்த சிராத்தம்

அவ்விரதத்திற்குச் சோதனை விரைவிலேயே வந்தது. 1846 ஆகஸ்ட் 1 அன்று துவாரகாநாதர் லண்டனில் காலமானார். மூத்த மகன் சிராத்தம் செய்தாக வேண்டும். சாளக்கிராமத்தை முன்வைத்து மரபுப்படி செய்யுமாறு பெரியோர் வற்புறுத்தினர். ஒருபுறம் தந்தையின் நற்கதியும் குலத்தின் மானமும். மறுபுறம் தாம் ஏற்ற விரதம். இரண்டுக்கும் நடுவே அவர் தவித்தார்.

அந்நாட்களில் ஓரிரவு அவர் ஒரு கனவு கண்டார். யாரோ அவரை எழுப்பி, வானவெளி வழியே சந்திர மண்டலத்திற்கு அழைத்துச் சென்றனர். அங்கே மறைந்த தாயார் திகம்பரி தேவி தோன்றினார். மகனைக் காண விரும்பியதாகச் சொல்லி, அவர் பிரம்மஞானி ஆனதால் குலம் தூய்மையடைந்தது, பெற்றவள் பேறுபெற்றாள் என்னும் கருத்துப்பட மொழிந்தார். தேவேந்திரர் ஆனந்தப் பெருக்குடன் விழித்தெழுந்தார்.

சிராத்த நாளில், உபநிடத நெறியில் தாம் அமைத்துக்கொண்ட மந்திரத்தால் தானங்களை அர்ப்பணித்துவிட்டு அவர் மாடிக்குச் சென்றுவிட்டார். மரபுச் சடங்குகளைத் தம்பி கிரீந்திரநாதர் நிறைவேற்றினார். உறவினர் பலர் விலகினர். இனி இவ்வாறு செய்வதில்லை என்று உறுதிகூறினால் மீண்டும் உறவாடலாம் என்று தூது வந்தது. அவர் இசையவில்லை.

ஆயினும் தந்தைக்குரிய கடனை அவர் வேறு வழியில் தீர்த்தார். 1848-இல் குடும்பத்தின் வணிக நிறுவனம் நொடித்தது. கடன் ஒரு கோடி. வரவேண்டியது எழுபது இலட்சம். தந்தை அறக்கட்டளையாக ஒதுக்கிய சொத்துகளைக் கடன்காரர்கள் தொட முடியாது. அவற்றையும் சகோதரர்கள் தாமாகவே முன்வந்து கடன்காரர்களிடம் ஒப்படைத்தனர். அனைத்தையும் இழந்த அந்நாளில் அவர் வருந்தவில்லை. கங்கைக்கரை இரவே திரும்பி வந்ததுபோல் உணர்ந்தார். தந்தை அறப்பணிக்கு வாக்களித்திருந்த ஓர் இலட்சம் ரூபாயையும் பின்னர் வட்டியுடன் செலுத்தினார்.

மறுமை பற்றிய அவர் தெளிவு

உபநிடதங்களை ஆழ்ந்து கற்றபோதும் அனைத்தையும் அவர் அப்படியே ஏற்கவில்லை. உயிர் புகைவழியே சந்திரனை அடைந்து, நெல்லாகவும் யவமாகவும் முளைத்து மீண்டும் பிறக்கும் என்ற வருணனையை அவர் உள்ளம் ஏற்கவில்லை. பிரம்மத்தில் முற்றிலும் கரைந்துபோகும் முக்தியையும் ஏற்கவில்லை. அறநெறியில் வாழ்ந்த உயிர் பசியும் தாகமும் அற்ற புண்ணிய உலகை அடையும். உலகிலிருந்து மேலுலகிற்கு உயர்ந்து இறைவன் மகிமையை மேன்மேலும் காணும். இம்மண்ணிற்குத் திரும்பாது என்பது அவர் தெளிவு. பாவம் செய்த உயிரும் கைவிடப்படுவதில்லை; துன்பத்தீயில் தூய்மையுற்றபின் அதற்கும் அருள் கிடைக்கும் என்று அவர் நம்பினார். மறுபிறவிக் கொள்கையில் நம்மில் பெரும்பாலோர் அவருடன் மாறுபடலாம். எனினும் உயிருக்கு அழிவில்லை, அதன் பயணம் இறைவனை நோக்கியதே என்பதில் வேறுபாடு இல்லை.

1905 ஜனவரி 19 அன்று, தம் 87-ஆம் வயதில், பிறந்த ஜோராசாங்கோ இல்லத்திலேயே மகரிஷி அமைதியாக உடல் நீத்தார். மறுமையைப் பற்றி அவருக்கு முதலில் கற்பித்தது எந்த நூலும் அன்று. அன்புமிக்க ஒரு பாட்டியின் விரல். நம் வீட்டுப் பெரியோரின் இறுதி நாட்களில், அவர்கள் மனம் நோகாமல், இறைநாமம் ஒலிக்க அருகிலிருந்து பணிபுரிவோம். அவர்கள் சுட்டிக்காட்டிச் செல்வது நம் கண்ணுக்கும் புலப்படலாம்.