இன்ஸ்பெக்‌ஷன் வருது! – ஹோமி பாபாவின் கதை

லேப்ல திடீர்னு பெயிண்ட் வாசனை வந்தா உங்களுக்கு என்ன தோணும்? எங்களுக்கெல்லாம் ஒண்ணுதான் தோணும்: இன்ஸ்பெக்‌ஷன் வருது.

நான் டிப்ளமோ படிச்ச இடத்துல (பேர் வேணாம்) ஒரு சென்ட்ரிஃபியூகல் பம்ப் இருந்தது. மூணு செமஸ்டரா ஓடல. ஆய்வுக்கு முந்தின நாள் அதுக்கு நீலக் கலர் அடிச்சாங்க. பக்கத்துல இருந்த லாக் புக்ல ஆறு மாசத்துக்கான ரீடிங் ஒரே ராத்திரியில, ஒரே பேனாவுல ஏறுச்சு. எழுதினது யாருன்னு கேட்டா, கையெழுத்து என்னோடதுதான். வந்தவங்க பெயிண்டைப் பார்த்தாங்க, புக்கைப் பார்த்தாங்க, டீ குடிச்சிட்டுக் கிளம்பிட்டாங்க.

குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்துப் பசங்களுக்கு இது புதுசா இருக்காது. டேனரி கழிவுநீர் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் நம்ம வேலூர் மாவட்டத்தை வச்சுத்தான். சுத்திகரிப்பு நிலையம் கட்டி வைக்கிறது ஒரு கதை, அதைத் தினமும் ஓட்டுறது வேற கதைன்னு நம்ம பாலாறு பார்த்தே நமக்குத் தெரியும்.

இப்ப அந்த நீலக் கலர் பம்ப் ஒரு அணு உலையோட குளிர்விப்பு பம்ப்னு வச்சுக்குங்க. இந்த யோசனையோடதான் ஹோமி ஜஹாங்கீர் பாபாவைப் பற்றிப் படிக்க ஆரம்பிச்சேன். இந்திய அணுசக்தியின் தந்தைன்னு ஒரு வரியில ஸ்கூல் புக்ல முடிச்சிருப்பாங்க. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி நம்மள மாதிரி ஒரு மெக்கானிக்கல் ஸ்டூடண்ட் இருந்தார்.

1909 அக்டோபர் 30-ல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தார் பாபா. அப்பா வக்கீல். அத்தை மெஹர்பாய், டாடா குழுமத்தின் தொராப்ஜி டாடாவின் மனைவி. வீட்டுத் திட்டம் தெளிவா இருந்தது: பையன் கேம்பிரிட்ஜ் போகணும், மெக்கானிக்கல் படிக்கணும், ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் சேரணும். 1927-ல் பையன் கப்பலேறினார். போன இடத்தில் மனசு இயற்பியல் பக்கம் சாய்ந்துவிட்டது. எஞ்சினியர் வேலை என் இயல்புக்கு ஒத்துவராது என்று அப்பாவுக்கே கடிதம் எழுதினார். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. முதலில் எஞ்சினியரிங்கை முதல் வகுப்பில் முடி, அப்புறம் கணிதம் படிக்கப் பணம் தர்றேன் என்று பேரம் பேசினார். 1930-ல் முதல் வகுப்பு வந்தது, அப்பாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நம்மில் எத்தனை பேர் வீட்டில் இந்தப் பேரம் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு!

அந்த எஞ்சினியரிங் டிகிரி வீணாகலை என்பது பின்னாடிதான் தெரியும். இடையில் வந்த இயற்பியலை வேகமா தாண்டிடறேன்: எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதற்கு அவர் போட்ட கணக்குக்கு இன்னைக்கும் பாபா சிதறல் என்றே பேர். 1939-ல் விடுமுறைக்கு ஊர் வந்தவர், போர் மூண்டதால் திரும்பப் போக முடியலை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சர் சி.வி. ராமன் இருந்த துறையில் சேர்ந்தார். 1941-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

1944 மார்ச்சில் டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்னும் இருபது ஆண்டுகளில் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும், அப்போது நிபுணர்களுக்காக இந்தியா வெளிநாட்டைத் தேடக் கூடாது, அதற்கு இப்போதே ஒரு ஆராய்ச்சி நிலையம் வேண்டும் என்பது அதன் சாரம். தேதியைக் கவனிங்க. ஹிரோஷிமாவுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் முன்னாடி! அப்படிப் பிறந்ததுதான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். 1948 ஆகஸ்டில் அணுசக்தி ஆணையம் அமைந்தபோது பாபா தலைவர். மூன்று பேர் கொண்ட அந்த ஆணையத்தில் நம்ம வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணனும் ஒருவர்.

இப்ப தண்ணீருக்கு வருவோம்.

1955-ல் டிராம்பேயில் ஒரு உலை கட்ட முடிவாச்சு. எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. வடிவமைப்பும் கட்டுமானமும் இங்கேயே. சுமார் எட்டு மீட்டர் ஆழமுள்ள ஒரு நீர்த்தொட்டி, அதற்குள் எரிபொருள். அதே தண்ணீர்தான் நியூட்ரான் வேகத்தைக் குறைக்கும், அதே தண்ணீர்தான் சூட்டை வாங்கும், அதேதான் மேலே நிற்கும் ஆளைக் கதிர்வீச்சிலிருந்து மறைக்கும். 1956 ஆகஸ்ட் 4-ல் தொடர்வினை ஆரம்பித்தது. நீல ஒளியைப் பார்த்து நேரு அப்சரா என்று பேர் வைத்தார். ஒரு மெகாவாட் உலை என்பதால் குளிர்விப்பது பெரிய தலைவலி இல்லை.

அடுத்தது அப்படி இல்லை. கனடா உதவியோடு கட்டிய சைரஸ், 1960-ல் இயங்கத் தொடங்கியது, 40 மெகாவாட். இங்கேதான் நம்ம தெர்மல் பாடம் வருது. அணு உலையை அணைச்சாலும் சூடு அணையாது. தொடர்வினை நின்ற கணத்தில்கூட முழுத் திறனில் ஆறேழு சதவீதம் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். சில மணி நேரம் கழித்தும் ஒரு சதவீதம் போல மிஞ்சும். ஸ்கூட்டர் எஞ்சினை ஆஃப் பண்ணிட்டுப் போற மாதிரி இதை விட்டுட்டுப் போக முடியாது. அதனால் சைரஸில் உருண்டையான ஒரு பெரிய தொட்டியை உயரத்தில் வைத்தார்கள். மின்சாரம் போய் பம்ப் எல்லாம் நின்றாலும் புவியீர்ப்பிலேயே தண்ணீர் உலைக்குள் இறங்கும். நம்ம வீட்டு மாடி டேங்க் தத்துவம்தான்.

சைரஸ் இயங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1960 பிப்ரவரியில், பாபா ஊழியர்களுக்கு ஒரு உத்தரவு அனுப்பினார். கதிரியக்கப் பொருளைக் கையாளும்போது ஊழியருக்கோ வெளியாளுக்கோ தீங்கு வராமல் பார்த்துக்கொண்டால் மட்டும் போதாது, நாட்டின் மற்ற நிறுவனங்களுக்கு இதைப் போல் செய்யுங்கள் என்று காட்டும் அளவுக்கு அது இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். வெளியிலிருந்து யாரும் ஆய்வுக்கு வரப்போவதில்லை என்று தெரிந்த ஒரு மனுஷன் எழுதியது அது. ஏ.கே. கங்குலி தலைமையில் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவும் வளர்த்தார். எல்லாவற்றிலும் அப்படி ஒரு கண்டிப்பு அவருக்கு. ஓவியர், இசைப் பித்தர், கட்டடத்துக்காக மரத்தை வெட்டச் சம்மதிக்காமல் வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நட வைத்தவர். டிராம்பேயின் தோட்டம் வரை அவர் கண் பட்டிருக்கும்.

இதுவரை படிச்சா எனக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோணுது. ஆனா இங்கே ஒரு கேள்வி இருக்கு.

ஆணையத் தலைவர் பாபா. அணுசக்தித் துறையின் செயலர் பாபா. டிராம்பே இயக்குநரும் பாபா. டாடா நிறுவன இயக்குநரும் அவரே. நேருவோடு நேராகப் பேசுவார், நடுவில் யாரும் இல்லை. 1962 அணுசக்திச் சட்டம் அந்தத் துறையைச் சுற்றி ரகசிய மதிலையும் எழுப்பியது. கட்டுபவர், ஓட்டுபவர், சரிபார்ப்பவர் மூன்று பேரும் ஒரே வீட்டில். அந்த வீட்டின் பெரியவர் கண்டிப்பானவராக இருக்கும்வரை சரி. அதன் பிறகு?

வெளிநாட்டு ஆய்வாளர்களையும் அவர் சுலபமாக ஏற்கவில்லை. சர்வதேச அணுசக்தி முகமைக்கு விதிகள் எழுதிய நாட்களில், உதவி வாங்கும் நாடுகளை மட்டும் சோதிப்பீர்கள், குண்டு வைத்திருக்கும் நாடுகளை விட்டுவிடுவீர்களா என்று வாதாடியவர் பாபா. இது எரிபொருள் குண்டுக்குப் போகிறதா என்று பார்க்கும் ஆய்வு. பம்ப் ஓடுகிறதா என்று பார்க்கும் ஆய்வு வேறு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க. அவர் வாதத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். சைரஸில் அந்தச் சோதனை இல்லை, 1974 பொக்ரான் வெடிப்புக்கான புளூட்டோனியம் அங்கிருந்துதான் போனது. அமெரிக்கர்கள் கட்டித் தந்த தாராப்பூருக்கு மட்டும் சர்வதேசக் கண்காணிப்பை ஏற்றுக்கொண்டார். ஆனால் வெளியாள் வந்து கேள்வி கேட்பதற்கு எதிராகத் துறைக்குள் வளர்ந்த கூச்சம், பாதுகாப்பு ஆய்வு பக்கமும் ஒட்டிக்கொண்டதோ என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு.

1966 ஜனவரி 24. சர்வதேச அணுசக்தி முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழுக் கூட்டத்துக்காக வியன்னா கிளம்பிய பாபா, ஏர் இந்தியாவின் கஞ்சன்ஜங்கா விமானத்தில் இருந்தார். ஆல்ப்ஸில் மோன் பிளாங் சிகரத்தில் அது மோதியது. 117 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாபாவுக்கு வயது 56. தாராப்பூர் மின்சாரம் தந்ததை அவர் பார்க்கவில்லை. கல்பாக்கத்தில் வேலையே தொடங்கியிருக்கவில்லை. மறு ஆண்டு டிராம்பே நிலையத்துக்கு அவர் பேரை வைத்தார்கள்.

சரிபார்ப்பவருக்கென்று தனியாக ஒரு நாற்காலி போட இன்னும் 17 ஆண்டுகள் ஆயின. 1979-ல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டில் தண்ணீர் குறைந்து உலையின் நடுப்பகுதி உருகியது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நம் நாட்டில் 1983 நவம்பர் 15-ல் பிறந்தது. கல்பாக்கத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அந்த வாரியமும் பாபா உட்கார்ந்திருந்த அதே ஆணையத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை இதைக் குறையாகவே எழுதியது.

வாரியத்து ஆட்கள் ஆய்வுக்கு வந்தால் என்ன கேட்பார்கள்? இந்த வால்வு கடைசியாக எப்போது திறந்து பார்க்கப்பட்டது, எத்தனை வினாடியில் திறந்தது, அழுத்தமானியின் கேலிபரேஷன் தேதி என்ன, டீசல் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா, அவசரத் தொட்டியில் தண்ணீர் குறித்த மட்டத்தில் இருக்கிறதா. ஆய்வுக்குத் தயாராகிறது என்றால் இந்தக் கேள்விகளை அவர்களுக்கு முன்னாடி நாமே கேட்டுக்கொண்டு, பதிலை மெஷினிடமிருந்து வாங்குவது. பேனாவிடமிருந்து வாங்கினால் என்ன ஆகும்?

நரோரா சொல்லும். 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசம். டர்பைனின் இரண்டு தகடுகள் உடைந்து பறந்தன. ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. மாற்று ஏற்பாட்டுக்கு டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன, காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் முதன்மைக் கேபிளும் மாற்றுக் கேபிளும் ஒரே வழியில், நடுவில் தீத்தடுப்பு இல்லாமல் போயிருந்தன. ரெண்டும் சேர்ந்து எரிந்தன. சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை. 220 மெகாவாட் மின் உலை அது. அணைத்துவிட்டுச் சில மணி நேரம் ஆனாலும் ஏழு மெகாவாட் அளவுக்குச் சூடு உள்ளே. ஊழியர்கள் டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறிப்போய் வால்வுகளைக் கையால் திறந்து, போரான் கரைசலை உலைக்குள் இறக்கினார்கள். தீயணைப்புக்கான டீசல் பம்புகளை ஓட்டி நீராவி ஜெனரேட்டர்களுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். சூடான நீர் மேலேறி, குளிர்ந்த நீர் கீழிறங்கி, பம்பே இல்லாமல் சுற்று ஓடியது. கதிரியக்கம் வெளியே போகவில்லை. அன்றைக்கு அந்த டீசல் பம்புகள் எங்க லேப் பம்ப் மாதிரி இருந்திருந்தால்?

கல்பாக்கம் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2004 டிசம்பர் 26, சுனாமி நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்தது. கண்டன்சருக்குக் கடல்நீர் தரும் பம்புகள் நின்றன. ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை ஊழியர்கள் உடனே நிறுத்திக் குளிர்வித்தார்கள். வாரியம் பார்த்து அனுமதி தந்த பிறகுதான் அதை மறுபடி இயக்கினார்கள். பாபா இல்லாத நாற்காலிக்கு எதிரே இன்னொரு நாற்காலி, குறைகளோடாவது, அப்போது இருந்தது.

இதை எழுதும்போது என் பழைய இடத்து ஜூனியர் ஒருத்தன்கிட்ட அந்த பம்ப் எப்படிடா இருக்குன்னு கேட்டேன். பெயிண்ட் இன்னும் உரியலயாம் அண்ணா, அடுத்த மாசம் திரும்ப யாரோ வர்றாங்களாம், லாக் புக்கை இவன்கிட்ட கொடுத்திருக்காங்களாம். மோட்டார் காயில் எரிஞ்சு கிடக்குதுன்னு முதல் பக்கத்துல எழுதிடுடான்னேன். மாட்டிக்க மாட்டேனான்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியல.