எஸ்.எஸ். வாசன்: செய்ததைச் சொல்லத் தெரிந்தவர்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது நான் பின்னல் மெஷினைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். பனியன் தொழிலில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டதே! ஆனால் இந்த முறை ஒரு பத்திரிகைக்காரரைப் பற்றி எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மக்கள் தொடர்பு, அதாவது பி.ஆர். என்றதும் அமெரிக்காவின் ஐவி லீயைச் சொல்வார்கள். 1906-ல் ரயில் விபத்து நடந்தபோது, கம்பெனி சார்பில் தானே செய்தியை எழுதி நிருபர்களுக்குக் கொடுத்தவர். நம் தமிழ்நாட்டில் ஜனங்களிடம் பேசுவதையே ஒரு தொழில் திறமையாக ஆக்கிக் காட்டியவர் எஸ்.எஸ். வாசன்.

1904-ல் திருத்துறைப்பூண்டியில் பிறந்தார். சின்ன வயதிலேயே தகப்பனார் போய்விட்டார். தாயார் மகனைச் சென்னைக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், முடிக்கவில்லை. (படிப்பை முடிக்காதவருக்கு முன்னாள் மாணவர் மலரில் இடமா என்று கேட்காதீர்கள்!) பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் வேலை அவருக்குச் சோறு போட்டது. எந்த வார்த்தைக்கு ஜனங்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதைத் தெருவில் நடந்தே கற்றுக்கொண்டார்.

அப்போது பூதூர் வைத்தியநாதையர் நடத்திய ஆனந்த விகடன் தடுமாறிக்கொண்டிருந்தது. 1928-ல் வாசன் அதை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் என்று அந்தக் கதையைச் சொல்வார்கள். அச்சகம் அல்ல, கட்டடம் அல்ல, வெறும் பெயருக்குப் பணம் கொடுத்திருக்கிறார்! கல்கியின் எழுத்து, மாலியின் கோட்டுச் சித்திரம், பரிசு வைத்த குறுக்கெழுத்துப் போட்டி என்று வீட்டு வாசல் வரைக்கும் போனார். வாசிப்பவனை வேடிக்கை பார்க்க விடாமல் பென்சிலைக் கையில் எடுக்க வைத்தார். விற்பனை ஏறியது.

அவர் எழுதிய 'சதி லீலாவதி' கதை 1936-ல் படமானது. எம்.ஜி.ஆர். முதலில் நடித்த படம் அதுதான். 1940-களின் தொடக்கத்தில், தீப்பிடித்து ஏலத்துக்கு வந்த ஒரு ஸ்டுடியோவை வாங்கி, ஜெமினி என்று பெயர் வைத்தார்.

'சந்திரலேகா' விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கதை முடிவாகும் முன்பே பெயரை விளம்பரம் செய்துவிட்டார்! அப்புறம் கதை இலாகாக்காரர்கள் அந்தப் பெயருக்குக் கதை தேடினார்கள். சுமார் ஐந்து வருஷ உழைப்பு, 30 லட்சம் ரூபாய் செலவு என்கிறார்கள். 1948 ஏப்ரலில் வெளிவந்தது. முரசு நடனத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. ஆனாலும் தமிழில் மட்டும் போட்ட பணம் திரும்பவில்லை. வேறொருவராக இருந்தால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசன் வடக்கத்தி ரசிகனுக்கு ஏற்றபடி படத்தை மாற்றி, அதே வருஷக் கடைசியில் இந்தியில் இறக்கினார். பத்திரிகை, சுவரொட்டி என்று நாடு முழுக்கச் சொன்னார். இந்திப் படம் ஜெயித்தது.

ஜெமினியில் மக்கள் தொடர்புக்கென்றே தனிப் பிரிவு இருந்தது. எழுத்தாளர் அசோகமித்திரன் 1952 முதல் ஜெமினியில் வேலை பார்த்தார். பத்திரிகைகளில் வந்த செய்திகளைக் கத்தரித்துச் சேர்த்து வைப்பது அவர் வேலைகளில் ஒன்று. சாதாரண வேலையாகத் தெரியும். ஆனால் ஊர் தன்னைப் பற்றி என்ன பேசுகிறது என்று காது கொடுத்துக் கேட்ட முதலாளியின் பழக்கம் அது. சொல்லத் தெரிந்தவனுக்குக் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

1964 முதல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 1969-ல் பத்மபூஷண் பெற்றார். அதே வருஷம் ஆகஸ்ட் 26-ல் காலமானார். ஸ்டுடியோவும் பின்னால் மறைந்துவிட்டது. அந்த இடத்தருகே 1973-ல் கட்டிய பாலத்துக்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர். ஆனால் பஸ்ஸில் ஏறுகிறவர் இன்றும் ஜெமினி என்றுதான் டிக்கெட் கேட்பார்.

இப்போது என் கதை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒரு லாட்டுக்குச் சாயம் சரியாக நிற்கவில்லை. பையருக்கு உடனே சொல்லிவிடலாம் என்றேன். பொறுங்க தம்பி, சரி பண்ணிக்கலாம் என்றார்கள். மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. சரக்கை மாற்றிக் கொடுத்தோம், ஆனால் ஆர்டர் மறுபடி வரவில்லை. சாயம் போனதற்காக அல்ல, சொல்லாமல் இருந்ததற்காக!

நம்ம ஊரும் அப்படித்தானுங்க. நொய்யல் கெட்டது உலகத்துக்கே தெரியும். 2011-ல் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியதும் தெரியும். அதற்கப்புறம் கழிவு நீரைச் சுத்தம் பண்ணித் திரும்பப் பயன்படுத்த நாம் செலவழித்த கோடிகள் எத்தனை பேருக்குத் தெரியும்? நல்லூரில் தைத்த பனியனின் கழுத்துப் பட்டியில் வேறு யாரோ பெயர் இருக்கிறது. குற்றமில்லை, அது வியாபாரம். ஆனால் தைத்தவன் தன் கதையைத் தானே சொல்லாவிட்டால், அடுத்தவன் சொல்கிற கதைதான் நிற்கும்.

தம்பி தங்கைகளே, மெஷினை நன்றாகப் படியுங்கள். கூடவே நாலு பேரிடம் நிமிர்ந்து பேசவும் பழகுங்கள். நல்ல செய்தியைப் போலவே கெட்ட செய்தியையும் முதலில் நாமே சொல்லுவோம். வாசனுக்கு எட்டெழுத்துப் போதுமாக இருந்தது. நம் ஊர்ப் பெயரும் சின்னதுதான்!