குறியும் நெறியும்

நெடுநாள் வழங்கிய சுழல் துப்பாக்கியொன்று குறி தவறிச் சுடுமாயின், அதனைச் செப்பஞ் செய்யும் கம்மியன் உடனே அரத்தைக் கையில் எடுப்பதில்லை. பிழை கருவியினுடையதோ, அதனைப் பிடித்த கையினுடையதோ என்பதையே அவன் முதற்கண் ஆராய்வான். துப்பாக்கியை அசையாத தாங்கலின்மேல் இருத்திச் சில முறை சுட்டுப் பார்ப்பான். தோட்டாக்கள் யாவும் ஓரிடத்திலேயே பட்டு, அவ்விடம் மட்டும் குறிக்கு விலகி நின்றால், குழல் முனையில் நிற்கும் சிறு முள்ளின்மேல் அவன் பார்வை செல்லும். அவை சிதறிப் பட்டால், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை தேய்ந்து, குழலோடு நேர்ப்படாது நிற்கின்றதோ என்று ஐயுறுவான். தாங்கலின்மேல் நேராகச் சுட்ட துப்பாக்கி, கையிற் பிடித்தபோது மட்டும் தவறுமாயின், திருந்த வேண்டியது கையே.

தோட்டா குறிக்குக் கீழே படுமாயின் முள்ளின் உயரத்தை அராவிக் குறைப்பர். அராவியதை மீண்டும் ஒட்டவியலாது. ஆதலின் சிறிது சிறிதாகவே அராவுவர். முன்னுள்ள முள்ளுக்கும் பின்னுள்ள பள்ளத்திற்கும் இடையே 10 சென்டிமீட்டர் நீளமுடைய துப்பாக்கியில், முள் ஒரு மில்லிமீட்டர் பிறழ்ந்திருந்தால், 25 மீட்டர் தொலைவில் தோட்டா 25 சென்டிமீட்டர் விலகிப் போகும். கையருகே கடுகளவாய் இருந்த பிழை, குறியருகே சாணளவாய் வளர்ந்து விடுகின்றது.

கருவிக்குரிய இவ்வுண்மை மாந்தர் வாழ்வுக்கும் பொருந்தும். துப்பாக்கியும் எழுதுகோலும் ஒருங்கே பழகிய வ.வே.சு. ஐயரின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த வரகனேரியினரான வேங்கடேச ஐயரின் மைந்தராக 1881ஆம் ஆண்டில் சுப்பிரமணியம் தோன்றினார். திருச்சிராப்பள்ளியில் கல்லூரிக் கல்வி பயின்று, சட்டமும் கற்று வழக்கறிஞரானார். பின்னர் இரங்கூன் சென்றார். அங்கிருந்து பாரிஸ்டர் கல்வியின் பொருட்டு இலண்டன் மாநகரை அடைந்தார். அந்நகரில் இந்திய மாணவர் கூடிய இந்தியா விடுதியில் சாவர்க்கர் முதலியோரின் நட்பு அவருக்கு வாய்த்தது. ஆயுதத்தால் அயலாட்சியை வீழ்த்தலாம் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. செல்வம் ஈட்டச் சென்றவர், நாட்டின் விடுதலையையே குறியாகக் கொண்டார். 1909ஆம் ஆண்டில் காந்தியடிகளை அவர் அந்நகரிலேயே சந்தித்தார். எனினும், அடிகளின் அறவழி அப்பொழுது அவருக்கு உடன்பாடாகவில்லை.

1910ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அவரைச் சிறைப்படுத்த முனைந்தது. அவர் மாறுவேடம் பூண்டு, பல நாடுகளைக் கடந்து, பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். ஆங்கு முன்னரே தங்கியிருந்த பாரதியாரோடும் அரவிந்தரோடும் அவரும் ஒருவராயினார்.

இந்நிலையில் பொதிய மலைச்சாரலில் நிகழ்ந்தவற்றை நாம் அறிதல் வேண்டும். காசி விசுவநாதர் கோவிலால் சிறந்தது தென்காசி. அருவியாலும் சாரலாலும் சிறந்தது அதன் அருகிலுள்ள குற்றாலம். வழிபடுவோரும் நீராடுவோரும் நாடி வரும் அந்நிலப்பகுதியில், 1910ஆம் ஆண்டளவில் இளைஞர் சிலர் மறைவாகக் கூடினர். நீலகண்ட பிரமச்சாரி என்பவர் அவர்களை ஒன்று திரட்டினார். சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனம் நலிவுற்றதும், அப்பெரியார் சிறையில் வாடியதும் அவர்தம் நெஞ்சில் ஆறாத புண்ணாய் இருந்தன. அவர்களுள் ஒருவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள செங்கோட்டை, அந்நாளில் திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்திருந்தது. அந்நாட்டின் காட்டிலாகாவில் வாஞ்சிநாதன் பணி புரிந்து வந்தார்.

அவர் புதுச்சேரி சென்றபோது, அதன் அருகிலுள்ள கரடிக்குப்பத்தில் ஐயர் அவருக்குத் துப்பாக்கி சுடும் பயிற்சி அளித்தார். 1911ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் நாள், மணியாச்சிப் புகைவண்டி நிலையத்தில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ் என்பவரை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றார். பின்னர் அந்நிலையத்திலேயே தம்மையும் சுட்டு மாய்த்துக் கொண்டார். அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்துகூட நிரம்பவில்லை.

தோட்டா குறி தவறவில்லை. ஆயினும் குறி எய்தப்பட்டதோ? ஆட்சியர் ஒருவர் வீழ்ந்தார், ஆட்சி வீழவில்லை. தென்காசி, செங்கோட்டை முதலிய ஊர்களில் காவலர் வீடு வீடாகத் துருவினர். பலர் சிறை புகுந்தனர். நீலகண்ட பிரமச்சாரிக்கு ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு வீட்டில் மனைவி கணவனை இழந்தாள். கடல் கடந்து வந்த மற்றொரு பெண்ணும் கணவனை இழந்தாள். நாட்டின்மேற் கொண்ட அன்பு தூயது. ஆனால் அவ்வன்பு கொண்ட வழியோ குறிக்கு அப்பாற் சென்றது.

இதன் பின்னர்ப் புதுச்சேரியில் ஒற்றர் கண்கள் ஐயரைச் சூழ்ந்திருந்தன. 1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. புதுச்சேரியில் தங்கியிருந்த நாட்டுப் பற்றாளரை ஆப்பிரிக்காவிற்கு அனுப்பிவிடுவர் என்னும் அச்சமும் எழுந்தது. அக்காலத்திலேதான் ஐயர் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கினார். அம்மொழிபெயர்ப்பு 1916ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் எழுதிய குளத்தங்கரை அரசமரம் என்னும் கதை, தமிழில் தோன்றிய முதற் சிறுகதைகளுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுகின்றது. துப்பாக்கி ஏந்திய கை எழுதுகோலை ஏந்தியது. முன்னைய வேகம் குன்றவில்லை. அது செல்லும் திசை மாறியது.

போர் முடிந்தபின் 1920ஆம் ஆண்டில் ஐயர் தமிழகம் மீண்டார். தேசபக்தன் இதழின் ஆசிரியராய் அமர்ந்து, தாம் முன்பு ஏற்காத காந்தியடிகளின் அறவழியையே மேற்கொண்டார். எழுத்தின் பொருட்டு அரசு அவரைப் பெல்லாரிச் சிறையில் இட்டது. ஆங்குக் கம்பரின் கவிநலத்தை உலகினர் அறியும் வண்ணம் ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூலொன்றை இயற்றினார்.

சிறை மீண்ட ஐயர், 1922ஆம் ஆண்டின் இறுதியில் பொருநைக் கரையிலுள்ள சேரமாதேவியில் தமிழ்க் குருகுலம் ஒன்றை நிறுவினார். எல்லாக் குலத்துச் சிறுவரும் ஒருங்கே வாழ்ந்து, தாய்மொழியும் கைத்தொழிலும் உடற்பயிற்சியும் பெறுதல் வேண்டும் என்பது அவர் நோக்கம். மக்கள் பலர் பொருள் வழங்கினர்; தமிழ்நாட்டுக் காங்கிரசும் உதவியது.

அத்தகைய உயர்ந்த கூடத்தில் ஒரு சிறு பிறழ்ச்சி நேர்ந்தது. பெற்றோர் வேண்டுகோளுக்கு இணங்கி, அந்தணச் சிறுவர் இருவர் தனித்து உண்ண இடம் அளிக்கப்பட்டது. பெற்றோருக்கு அளித்த சொல்லை மீறலாகாது என்று ஐயர் கருதினார். இருவர்தாமே என்று எண்ணுதற்கு இடமுண்டு. ஆனால் சமநிலையைக் குறியாகக் கொண்ட நிலையத்தில், உண்ணும் இடத்தில் இட்ட ஒரு கோடு, நாடெங்கும் பிளவாய் விரிந்தது. வரதராசுலு நாயுடு, பெரியார் ஈ.வெ. இராமசாமி முதலியோர் இதனை வன்மையாக எதிர்த்தனர். தனிப் பந்தியிற் பிறருடன் அமராத சிறுவரைக் கண்ட ஏனைய சிறுவர் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும் என்பதே அவர்தம் வினா. அவ்வினா நேரியது. 1925ஆம் ஆண்டில் ஐயர் குருகுலத் தலைமையைத் துறந்தார்.

அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், குற்றாலத்திற்குத் தெற்கே அதே மலைத்தொடரில் அமைந்த பாபநாசத்திற்கு அவர் சென்றார். அருவி நீர் சுழலும் கல்யாண தீர்த்தத்தில் அவர்தம் மகள் சுபத்திரை தவறி விழுந்தாள். கரையில் நின்று கலங்காது, தந்தையாரும் நீரிற் பாய்ந்தார். இருவரையும் வெள்ளம் கொண்டது. அப்பொழுது அவருக்கு அகவை நாற்பத்து நான்கு.

மாணவர்களே! ஐயரிடம் ஆற்றலுக்குக் குறைவில்லை, அஞ்சாமைக்கும் குறைவில்லை. கருவி தவறென்று கண்டபோது அதனை மாற்றிக்கொள்ளும் துணிவும் அவரிடம் இருந்தது. எனினும் அத்தகைய பெரியார் அமைத்த கூடத்திலேயே கடுகளவு கோணல் புகுந்து பெருந்தீங்கு விளைத்தது. நல்லெண்ணம் உடையோம் என்னும் துணிவினால் நாம் நம் செயலை ஆராயாது விடலாகாது. நெடுந்தொலைவு செல்ல விரும்புவோர், புறப்படும் இடத்திலேயே தம் நேர்மையை நாடோறும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். கோணல் காணின் அன்றே, அளவறிந்து திருத்துதல் வேண்டும்.